தெலுங்குக்குப் பக்கத்து வீடு ஒடியா

சென்னையிலிருந்து ஹவுரா போகும் ரயிலில் முதல் தடவை போனபோது, எழுத்து மாறியதே எனக்குத் தெரியவில்லை. விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம், பலாசா எல்லாம் தாண்டியாயிற்று. ஆந்திராவின் கடைசி ஊரான இச்சாபுரமும் போயிற்று. அடுத்து பிரம்மபூர், அதாவது நாம் பெர்ஹாம்பூர் என்று கேள்விப்பட்ட ஊர். பெயர்ப்பலகையில் அதே மாதிரி உருண்டை உருண்டையாக ஏதோ எழுதியிருந்தது. "இன்னும் தெலுங்குதான் போலிருக்கு" என்றேன். எதிர் சீட்டுக்காரர் சிரித்தார். "அது தெலுங்கு இல்லீங்க, ஒடியா."

நடைமேடையில் ஒருவர் "பரா, பரா" என்று கூவிக்கொண்டு போனார். வாங்கிப் பார்த்தால் நம்ம வடை.

அந்த ஒரு வடையிலேயே ஒடியாவின் இரண்டு பழக்கங்கள் இருக்கின்றன. நாம் 'வ' சொல்லும் இடத்தில் அவர்கள் 'ப' சொல்வார்கள் (ஆங்கிலத்து b மாதிரி ஒலிக்கும் ப). விஷ்ணு அங்கே பிஷ்ணு, ரவி அங்கே ரபி. அப்புறம் ட-வும் ர-வும் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். அந்த மொழியின் பெயரே அப்படித்தான். 'ஒடியா' என்பதில் நடுவில் வரும் ஒலி, நாக்கை மடித்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு விடுவது. வெள்ளைக்காரர் காதுக்கு அது 'ர' என்று பட்டது, ஒரியா, ஒரிசா என்று எழுதிவிட்டார்கள். 2011-ல் சட்டம் போட்டுத்தான் ஒடியா, ஒடிசா என்று திருத்தினார்கள். தமிழருக்கு இந்த ஒலி புதிதே அல்ல. 'ஓடு', 'வீடு' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே தட்டு.

அந்தப் பயணத்துக்குப் பிறகு, தெலுங்கையும் ஒடியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கற்கும் ஆசை வந்தது. இரண்டிலும் நான் பண்டிதன் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு எது எங்கே ஒட்டும், எங்கே உதைக்கும் என்று மட்டும் சொல்ல முடியும்.

ஒரு எச்சரிக்கை. கீழே உள்ள சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். க, ப, த எல்லாம் எந்த அழுத்தத்தில் வரும் என்று தமிழ் எழுத்து காட்டாது, ஒடியாவின் மூக்கொலிகளையும் காட்டாது. ஒடியாவில் 'அ' என்று எழுதுவது வாயில் ஏறக்குறைய 'ஒ' ஆகிவிடும். வீட்டுக்கு அங்கே 'கர' என்று எழுதினாலும் காதில் 'கொரொ' என்றுதான் விழும். ஆகவே எல்லாம் தோராயம்.

குடும்பம் வேறு

தெலுங்கு திராவிட மொழி. ஒடியா இந்தோ-ஆரிய மொழி. 2011 கணக்கெடுப்பில் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 8.11 கோடி, ஒடியாவைச் சொன்னவர்கள் சுமார் 3.75 கோடி. தமிழுக்கு 2004-லும், தெலுங்குக்கு 2008-லும், ஒடியாவுக்கு 2014-லும் செம்மொழித் தகுதி கிடைத்தது.

குடும்பம் வேறு என்பதை யாரும் விளக்காமலேயே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது: ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். தெலுங்குக்காரர் ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது, ஆறு, ஏடு, எனிமிதி, தொம்மிதி, பதி என்பார். 'மூடு' என்றதும் கதவைச் சாத்தப் போகாமல் இருந்தால் சரி, மற்றதெல்லாம் நமக்கு உறவுக்காரர் முகம் மாதிரி தெரியும். ஒடியாக்காரர் ஏக, துய், தினி, சாரி, பாஞ்ச, ச்ச, ஸாத, ஆட்ட, நஅ, தஸ என்பார். இது இந்தி, வங்காளம் இருக்கும் தெரு.

அன்றாடப் பொருள்களும் அப்படியே. வீட்டுக்கு தெலுங்கில் இல்லு, ஒடியாவில் கர. பெயருக்கு தெலுங்கில் பேரு, ஒடியாவில் நா. தண்ணீருக்கு தெலுங்கில் நீள்ளு, ஒடியாவில் பாணி. தெலுங்கிலும் 'பனி' என்று ஒரு சொல் உண்டு. ஆனால் அதற்கு வேலை என்று பொருள்.

ஒடியாவுக்கு மிக நெருங்கிய சகோதரர்கள் வங்காளமும் அசாமியும். அந்த நெருக்கமே ஒரு காலத்தில் அதற்கு வினையாயிற்று. 1870-ல் ஒடிசாவின் பாலசோரில் இருந்த ஒரு வங்காளி ஆசிரியர், ஒடியா தனி மொழியே அல்ல, வங்காளத்தின் ஒரு கிளைதான் என்று சிறுநூலே எழுதினார். பள்ளிகளில் ஒடியாவை எடுத்துவிட்டு வங்காளத்தை வைக்கலாமா என்று பேச்சு நடந்த காலம் அது. ஒடியா எழுத்தாளர் பகீர் மோகன் சேனாபதி போன்றவர்கள் பாடப்புத்தகம் எழுதியும் அச்சகம் நடத்தியும் அதை எதிர்த்தார்கள்.

தெலுங்குக்கும் அடையாளச் சிக்கல் இருந்தது, வேறு மாதிரி. சமஸ்கிருதச் சொற்கள் நிறைய இருப்பதைப் பார்த்து, அது சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தது என்று நினைத்திருந்தார்கள். அப்படி அல்ல, தெலுங்கும் தமிழும் கன்னடமும் வேறொரு குடும்பம் என்று சொற்களின் வேர்களைக் காட்டி முதலில் அச்சில் வாதிட்டவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி. ஆண்டு 1816, இடம் சென்னை. கேம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு எல்லிஸ் சேர்த்த குறிப்பு அது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856-ல்தான். கால்டுவெல்லைக் கொண்டாடும் நாம் எல்லிஸைக் கொஞ்சம் மறந்துவிட்டோம் என்றே நினைக்கிறேன்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. திராவிடக் குடும்பத்துக்குள் தெலுங்கு இருக்கும் கிளை தமிழ் இருக்கும் கிளை அல்ல. கோண்டி, குயி, குவி போன்றவற்றோடு அது தென்-நடுத் திராவிடக் கிளையில் சேர்கிறது. குயி எங்கே பேசப்படுகிறது? ஒடிசாவின் கந்தமால் மலைப்பகுதியில். ஆக, தெலுங்கின் நெருங்கிய உறவினர்கள் சிலர் ஒடிசாவுக்குள்தான் குடியிருக்கிறார்கள். கூடவே அந்த மலைகளில் சவரா போன்ற முண்டா மொழிகளும் உண்டு. அவை திராவிடமும் அல்ல, ஆரியமும் அல்ல.

எழுத்து ஏமாற்றும்

சரி, குடும்பம் வேறு என்றால் எழுத்து ஏன் ஒரே மாதிரி தெரிகிறது?

பெரும்பாலான இந்திய எழுத்துகளைப் போல இரண்டும் பிராமியிலிருந்து வந்தவைதான், ஆனால் வேறு வேறு வழியில். தெலுங்கு எழுத்தும் கன்னட எழுத்தும் ஒரே தாயின் பிள்ளைகள். ஒடியா எழுத்துக்கு நெருங்கிய சொந்தம் வங்காள எழுத்து. இந்தியிலும் வங்காளத்திலும் எழுத்துகளின் தலைக்கு மேல் ஒரு நேர்கோடு ஓடுமே, அந்தக் கோடு ஒடியாவில் வளைந்து குடையாகிவிட்டது. எழுத்தின் பெரும்பகுதி அந்தக் குடைதான், ஒரு எழுத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் சமாசாரம் கீழே சின்னதாக ஒளிந்திருக்கும். புதிதாகப் படிப்பவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். குடையைப் பார்க்காதே, குடைக்குக் கீழே இருக்கும் ஆளைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெலுங்கில் தலைக்கு மேல் இருப்பது குடை அல்ல, விடைத்தாளில் வாத்தியார் போடும் 'சரி' குறி மாதிரி ஒரு சின்னக் கீற்று. அதன் பெயர் தலகட்டு. தூரத்திலிருந்து பார்க்கும்போது இரண்டையும் பிரிக்க அது ஒன்று போதும்.

உருண்டைக்குக் காரணமாக வழக்கமாகச் சொல்லப்படுவது பனையோலை. ஓலையின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. எழுத்தாணியால் அதே திசையில் நேர்கோடு கிழித்தால் ஓலை பிளந்துவிடும், அதனால் கோடுகளை வளைத்தார்கள் என்பது விளக்கம். நம்பும்படிதான் இருக்கிறது. ஆனால் நாமும் ஓலையில்தான் எழுதினோம், நம்முடைய 'ப'-வும் 'ட'-வும் இன்றும் விறைப்பாக நிற்கின்றனவே? ஓலை ஒரு காரணம், அதுவே முழுக்காரணம் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு முழு வட்டம் போட்டால் தெலுங்கில் அது சுன்னா, அதாவது முன்னால் உள்ள எழுத்துக்கு 'ம்' போன்ற மூக்கொலி சேர்க்கும் குறி. அதே வட்டம் ஒடியாவில் அழுத்தமான 'ட்ட' என்ற மெய்யெழுத்து. இரண்டையும் ஒரே மாதத்தில் கற்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலங்கைத் தமிழருக்கு இந்த நிலைமை பழக்கமானது. திராவிட மொழிக்குப் பக்கத்தில் உருண்டை எழுத்தோடு ஒரு ஆரிய மொழி: தமிழும் சிங்களமும் போல.

காதுக்கு எப்படி

இரண்டும் உயிரெழுத்தில் முடிய விரும்பும் மொழிகள். தெலுங்கு பஸ்ஸைக்கூட 'பஸ்ஸு' ஆக்கும். இந்திக்காரர் 'கர்' என்று வெட்டி நிறுத்தும் இடத்தில் ஒடியாக்காரர் கடைசி உயிரை விடாமல் 'கர' என்கிறார். வங்காளம்கூட விட்டுவிட்ட அந்தக் கடைசி உயிரை ஒடியா பிடித்து வைத்திருப்பதால், கேட்பதற்கு அது தெற்கத்தி மொழி மாதிரியே ஒரு ஓட்டம் கொண்டிருக்கிறது.

குறில் நெடில் விஷயத்தில் தெலுங்கு நம்மைப் போல. எ-ஏ, ஒ-ஓ உட்பட எல்லாவற்றிலும் வேறுபாடு உண்டு, மாற்றினால் பொருள் மாறும். ஒடியாவில் இ-ஈ வேறுபாடு எழுத்தில் மட்டும்தான். நாள் என்னும் 'தின', ஏழை என்னும் 'தீன' இரண்டும் பேச்சில் ஒன்றே.

எனக்கு மிகவும் பிடித்தது 'ள'. வடக்கே போனால் 'ள' போய்விடும் என்று நாம் நினைப்போம். இந்தியிலும் வங்காளத்திலும் உண்மையிலேயே இல்லை. ஒடியாவில் இருக்கிறது, அதுவும் எக்கச்சக்கமாக. பழத்துக்கு தெலுங்கு 'பலம்' என்று ல-வோடு நிற்கும்போது ஒடியா 'பள' என்கிறது. காலம் அங்கே காள, நீலம் அங்கே நீள, கமலம் அங்கே கமள. தங்கள் நாட்டையே உத்கள என்றுதான் சொல்கிறார்கள். சமஸ்கிருதச் சொற்களில் பார்த்தால் திராவிடத் தெலுங்கைவிட ஆரிய ஒடியாவில்தான் ள அதிகம்!

சமஸ்கிருதச் சொற்கள் இரண்டிலும் ஏராளம் என்பதால், அவற்றை மாற்றிக்கொள்ளும் விதி தெரிந்தால் ஒரே நாளில் நூறு சொல் கிடைக்கும். தெலுங்கு கடைசியில் மு, ம், டு என்று ஒரு வாலைச் சேர்க்கும்: புஸ்தகமு அல்லது புஸ்தகம், சமுத்ரம், ராமுடு. ஒடியா வாலைச் சேர்க்காது, தலையைத் திருத்தும்: வ-வை ப ஆக்கும், சொல்லின் முதலில் வரும் ய-வை ஜ ஆக்கும். யாத்திரை ஜாத்ரா ஆவது அப்படித்தான். புரியில் நடப்பது ரதஜாத்ரா.

வாக்கியம் மட்டும் ஏன் இவ்வளவு பழகியதாக இருக்கிறது

இனி வருவதுதான் நான் இந்தக் கட்டுரையை எழுதவே காரணம்.

ஒடியாச் சொற்கள் எனக்கு இந்தி மாதிரி கேட்டன. ஆனால் வாக்கியம் கட்டத் தொடங்கியதும், தமிழில் யோசித்து ஒவ்வொரு சொல்லாக மாற்றினாலே வேலை முடிந்துவிடுவதைக் கண்டேன். இந்தியில் அது ஒருபோதும் எனக்கு நடந்ததில்லை.

'அல்ல'வும் 'இல்லை'யும் வேறு வேறு என்று பள்ளியில் படித்தோம். இது புத்தகம் அல்ல, வீட்டில் புத்தகம் இல்லை. தெலுங்கில் இதி புஸ்தகம் காது, இண்ட்லோ புஸ்தகம் லேது. ஒடியாவில் ஏஇடா பஹி நுஹெ, கரரெ பஹி நாஹி. காது-லேது, நுஹெ-நாஹி, அல்ல-இல்லை. மூன்று மொழியிலும் இரண்டு இரண்டு சொல். இந்தியில் இரண்டுக்கும் ஒரே 'நஹீ'தான்.

அதே 'நாஹி' ஒடியாவில் வினைக்குப் பின்னால் வரும். 'ஜிபி' என்றால் போவேன், 'ஜிபி நாஹி' என்றால் போகமாட்டேன். இந்திக்காரர் 'நஹீ'யை வினைக்கு முன்னால் வைப்பார்.

பசி வந்தால் தமிழில் 'நான்' பசிப்பதில்லை, 'எனக்கு'ப் பசிக்கிறது. தெலுங்கில் நாகு ஆகலி வேஸ்தோந்தி, ஒடியாவில் மோதெ போக லாகுச்சி. நாகு, மோதெ இரண்டும் 'எனக்கு'. எனக்குத் தெரியாது? தெலுங்கில் நாகு தெலியது, ஒடியாவில் மோதெ ஜணா நாஹி. இதில் இந்தியும் நம்மோடு சேர்ந்துகொள்ளும், அதனால் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம்.

ஆனால் அடுத்ததில் இந்தி சேராது. "அவன் நாளைக்கு வருவான் என்று சொன்னான்." இந்த 'என்று' எங்கிருந்து வந்தது? 'என்' என்னும் பழைய வினையிலிருந்து, அதாவது 'சொல்லி'. தெலுங்கில் வாடு ரேபு வஸ்தாடனி செப்பாடு. அந்த 'அனி', 'அனு' அதாவது சொல் என்ற வினையிலிருந்து வந்தது. ஒடியாவில் ஸெ காலி ஆஸிப போலி கஹிலா. 'போலி'யும் பேசு என்ற பொருளுள்ள வினையிலிருந்தே வந்தது! சொல் எல்லாம் வேறு. ஆனால் 'சொல்லி' என்ற சொல்லை ஆணியாக அடித்து இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கும் யோசனை ஒன்றே. இந்தியில் 'உஸ்னே கஹா கி' என்று தொடங்கி, சொன்ன விஷயத்தைப் பின்னால் தள்ளிவிடுவார்கள்.

இன்னொன்று, பெயரெச்சம். நான் பார்த்த ஊர். தெலுங்கில் நேனு சூசின ஊரு. ஒடியாவில் மு தெகிதிபா ஸஹர. இந்தியில் இதையே பெரும்பாலும் 'எதை நான் பார்த்தேனோ அந்த' என்று சுற்றித்தான் சொல்வார்கள். ஒடியாவிலும் அந்தச் சுற்றுவழி உண்டு, ஆனால் நேர்வழியும் இருக்கிறது.

பிறந்த குடும்பம் ஒன்றாக இல்லாமலேயே, நூற்றாண்டுக் கணக்கில் பக்கத்தில் வாழ்ந்தால் மொழிகள் ஒன்றின் சாயலை ஒன்று வாங்கிக்கொள்ளும். இருமொழி பேசுகிறவர்கள் ஒரு மொழியின் வாக்கிய அச்சில் இன்னொரு மொழியின் சொற்களை ஊற்றுவதால் இது நடக்கிறது. முர்ரே எமனோ என்ற மொழியியலாளர் 1956-ல் இந்தியாவையே ஒரு மொழிப் பரப்பு என்று எழுதினார். அது முதல் இந்தத் துறை பெரிதாக வளர்ந்திருக்கிறது. ஆனால் இதை வைத்து 'ஒடியாவுக்குள் ஒளிந்திருப்பது திராவிடமே' என்று கிளம்பிவிடக் கூடாது. அல்ல-இல்லை பிரிவும், சொல்லி என்ற ஆணியும் வங்காளத்திலும் உண்டு. தெலுங்கைத் தொட்டுக்கொண்டிராத மொழி அது. யாரிடமிருந்து யார் வாங்கினார்கள் என்பது ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டிய கணக்கு.

எச்சரிக்கைக்கு நல்ல உதாரணம் 'கு'. வீட்டுக்குப் போவேன். ஒடியாவில் கரகு ஜிபி. தெலுங்கில் இண்டிகி வெள்தானு, வேறு சொற்களோடு 'கு'வும் வரும். முதலில் பார்த்தபோது நான் துள்ளிக் குதித்தேன். கால்டுவெல் காலத்திலிருந்தே பலரும் குதித்திருக்கிறார்கள். ஆனால் ஒடியாவின் 'கு', இந்தியின் 'கோ', வங்காளத்தின் 'கே' எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்தே படிப்படியாகத் தேய்ந்து வந்தவை என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். ஒரே முகஜாடை, சொந்தம் இல்லை.

அவன், அவள், அது

பாலும் திணையும் எங்கே எப்படி என்பதில் இரண்டும் நன்றாகப் பிரிகின்றன.

தமிழில் வந்தான், வந்தாள், வந்தது. தெலுங்கில் வாடு வச்சாடு என்பது அவனுக்கு. அவளுக்கோ 'ஆமெ வச்சிந்தி', அதுவுக்கும் 'அதி வச்சிந்தி'. பெண்ணும் பூனையும் ஒரே வினைமுற்றில். இதைக் கேட்டு முகம் சுளிக்காத தமிழர் குறைவு. நடைமுறையில் மரியாதை வேண்டிய இடத்தில் 'வச்சாரு' என்று பன்மைக்குப் போய்விடுவார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பன்மைக்கு வந்தால் தெலுங்கு நம் வழிக்குத் திரும்பிவிடும்: மனிதர்கள் வச்சாரு, மற்றவை வச்சாயி.

ஒடியாவில் இந்தத் தொல்லையே இல்லை. 'ஸெ ஆஸிலா'. அவனோ அவளோ, ஒரே 'ஸெ'. இந்தியில் நாற்காலி பெண்ணா ஆணா என்று மனப்பாடம் செய்து நொந்தவர்கள் ஒடியாவுக்கு வந்தால் பெருமூச்சு விடலாம். இந்தியில் இறந்தகாலத்தில் எழுவாயோடு ஒட்டும் 'நே'யும் இங்கே கிடையாது. சாப்பிட்டேன் என்பது காஇலி, சாப்பிட்டார்கள் என்பது காஇலெ. எழுவாய்க்கு ஏற்ப விகுதி மாறும், நம் ஊர் மாதிரியே.

பெயர்ச்சொல்லில் ஒடியா புதிதாக ஒன்றைக் கேட்கும். பிள்ளைக்கு அங்கே 'பிலா'. (தெலுங்கில் பில்ல, நமக்குப் பிள்ளை. திராவிடத்திலிருந்து அங்கே போன சொல் என்று கருதுகிறார்கள்.) பிலாடி என்றால் 'அந்தப் பிள்ளை', நமக்குத் தெரிந்த குறிப்பிட்ட ஒன்று. பிலாடிஎ என்றால் 'ஒரு பிள்ளை', யாரோ. 'டி'க்குப் பதில் 'டா' போட்டால் கொஞ்சம் அலட்சியம் ஒட்டிக்கொள்ளும். தமிழிலும் தெலுங்கிலும் இப்படி ஒரு ஒட்டு இல்லை. பன்மையில் இன்னொரு வேடிக்கை: மனிதர்களுக்கு 'மானெ', பொருள்களுக்கு 'குடிக'. பிலாமானெ, பஹிகுடிக. தெலுங்கு எல்லாவற்றுக்கும் 'லு' போட்டுத் தள்ளும் இடத்தில், ஒடியா உயர்திணை அஃறிணை பார்க்கிறது. பள்ளியில் நன்னூல் படித்த எவருக்கும் இது இனிக்கும்.

இரண்டையும் கலந்து படிப்பவர்கள் விழும் குழி 'ஆமெ'. தெலுங்கில் ஆமெ என்றால் அவள். ஒடியாவில் ஆமெ என்றால் நாங்கள். நான் ஒரு மாதம் "அவள் சாப்பிட்டோம்" என்றே மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த குழி 'காலி'. ஒடியாவில் நேற்றும் காலி, நாளையும் காலி, வினையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் கதகாலி, ஆஸந்தாகாலி என்று பிரித்துச் சொல்வார்கள். தெலுங்கில் நின்ன, ரேபு என்று தெளிவாக இரண்டு.

நடுவில் கோடு கிடையாது

வரைபடத்தில் ஆந்திராவுக்கும் ஒடிசாவுக்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது. மொழிகள் அதை மதித்ததில்லை.

ஒடியாவின் மிகப் பழைய கல்வெட்டாகக் காட்டப்படுவது 1051-ஆம் ஆண்டின் உரஜாம் கல்வெட்டு. அந்த ஊர் இருப்பது ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில். கீழைக் கங்கர் என்ற அரச மரபின் காலத்தது. அவர்களது தலைநகரான கலிங்கநகரமும் இன்றைய ஸ்ரீகாகுளம் மாவட்டத்து முகலிங்கம்தான். புரி ஜகந்நாதர் கோயிலைக் கட்டத் தொடங்கிய அனந்தவர்மன் சோடகங்கன் இந்த மரபினர். பெயரில் 'சோட' இருப்பது தற்செயல் அல்ல, அவர் தாய் சோழ இளவரசி. தெலுங்கின் மிகப் பழைய கல்வெட்டாகக் கருதப்படும் கலமள்ளக் கல்வெட்டு 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கடப்பா மாவட்டம். அதை வெட்டுவித்தவர்களும் ரேநாட்டுச் சோழர்கள் என்றே தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள்.

இரண்டு மொழியின் பெரிய இலக்கியமும் மகாபாரதத்தில்தான் தொடங்குகிறது. தெலுங்கில் 11-ஆம் நூற்றாண்டில் நன்னய்யா, ஒடியாவில் 15-ஆம் நூற்றாண்டில் சாரளா தாஸ். நன்னய்யாவை ஆதரித்த ராஜமகேந்திரவரத்து ராஜராஜ நரேந்திரனின் மகன்தான் பின்னால் சோழ அரியணை ஏறிய முதல் குலோத்துங்கன். பரணி பாடப்பெற்ற கலிங்கப் போர் அந்தக் குலோத்துங்கன் சோடகங்கன் மேல் தொடுத்தது. சொந்தக்காரர்களின் சண்டை என்று சொன்னால் ரொம்பத் தவறில்லை.

நம் காலத்துக்கு வந்தால், கஞ்சம் மாவட்டம் முழுக்க 1936 மார்ச் வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1-ல் ஒடிசா தனி மாகாணமானபோதுதான் பிரம்மபூரும் பர்லாக்கிமிடியும் அந்தப் பக்கம் போயின. குடியரசுத் தலைவராக இருந்த வி. வி. கிரி, தெலுங்குக்காரர், 1894-ல் பிறந்தது பிரம்மபூரில். தெலுங்கு உரைநடையைப் பண்டித நடையிலிருந்து மீட்டுப் பேச்சுத் தெலுங்குக்குக் கொண்டுவரப் போராடிய கிடுகு ராமமூர்த்தி ஆசிரியராக வேலை பார்த்தது பர்லாக்கிமிடியில். அவர் பிறந்த ஆகஸ்ட் 29-தான் தெலுங்கு மொழி நாள். அவரே சவரா மொழியைக் கற்று அதற்கு இலக்கணமும் அகராதியும் செய்தார். தெலுங்கு, ஒடியா, சவரா மூன்றும் தெருவில் கேட்கும் ஊரில் வாழ்ந்ததால்தான் பேச்சுமொழியின் அருமை அவருக்குப் பட்டதோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

எதை முதலில் கற்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தமிழ் மட்டும் தெரிந்தவர் தெலுங்கில் தொடங்குங்கள், சொல்லும் இலக்கணமும் சேர்ந்து கைகொடுக்கும். கொஞ்சம் இந்தியோ வங்காளமோ தெரிந்தவர் ஒடியாவைத் தொடலாம். சொல்லை அங்கிருந்தும் வாக்கியத்தைத் தமிழிலிருந்தும் எடுத்து ஒப்பேற்றிவிட முடியும். எழுத்துகளுக்கு இடையில் மூன்று மாதமாவது இடைவெளி விடுங்கள்.

போன தடவை பிரம்மபூரில் இறங்கியபோது, மனப்பாடம் செய்து வைத்திருந்த ஒடியாவைக் கடையில் எடுத்து விட்டேன். பராவைக் காட்டி, "கெதெ டங்கா?" என்றேன், எவ்வளவு ரூபாய் என்று. கடைக்காரர் என் முகத்தை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "பதி ரூபாயலு" என்றார் சுத்தமான தெலுங்கில்.